மணவறையில் ஒரு பழங்கட்டில்

அரபு மொழியில் இல்லத்தைக் குறிக்கும் சொற்கள் பலவுண்டு. இரவைக் கழிக்கும் இடம் ‘பைத்’. சுற்றி வளைக்கப்பட்ட மனை ‘தார்’. அமைதி கொள்ளும் இடம் ‘மஸ்கன்’. இவற்றுள் என் நெஞ்சைக் கவர்ந்தது மூன்றாவது சொல்லே. ‘ஸகன’ என்னும் வினை, அசைவு ஓய்ந்து அடங்குதலையும் ஓரிடத்தில் குடியிருத்தலையும் ஒருங்கே உணர்த்தும். உள்ளத்து அமைதியைச் சுட்டும் ‘ஸகீனா’ என்ற சொல் அவ்வேரில் முளைத்தது. இணையரை இறைவன் படைத்தது அவர்கள் ஒருவரிடம் ஒருவர் அமைதி பெறுவதற்கே என்று அர்ரூம் அத்தியாயம் கூறுமிடத்திலும், இல்லங்களை இளைப்பாறும் இடமாக அவன் ஆக்கியதை அந்நஹ்ல் அத்தியாயம் நினைவூட்டுமிடத்திலும் இதே வேர்தான் பயின்று வருகிறது. வியப்பு யாதெனில், ஏழையைக் குறிக்கும் ‘மிஸ்கீன்’ என்ற சொல்லும் இவ்வேரினதே. வறுமை அவனை அசையவொட்டாமல் அடக்கிவிட்டது என்பது அகராதி ஆசிரியர்கள் தரும் விளக்கம்.

இல்லமும் அமைதியும் ஏழையும் ஒரே வேரின் கிளைகள் என்பதை முப்பது ஆண்டுகளாக மத்ரஸாவில் இலக்கணப் பாடமாகச் சொல்லி வருகிறேன். சென்ற ஆண்டு என் இளைய மகளின் மணவறையை ஒழுங்கு செய்ய நேர்ந்தபோது, அந்தப் பாடம் கரும்பலகையை விட்டு இறங்கி எங்கள் வீட்டுக்குள் வந்தது.

எங்கள் பகுதிக் கடற்கரை ஊர்களின் வழக்கத்தை அறியாத வாசகர்களுக்காக ஒரு சொல். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் மணமகள் கணவன் வீட்டுக்குப் போவதில்லை. மணமகனே மணமகள் இல்லத்துக்கு வந்து வாழ்கிறான். பெண்மக்களைப் பெற்றோரின் நிழலிலேயே வைத்துக் காக்கும் இவ்வழக்கத்தில் நன்மைகள் பல உள்ளன. ஆயினும் புதுமணத் தம்பதிக்குரிய அறையை ஒழுங்கு செய்யும் பொறுப்பு முழுவதும் பெண்ணைப் பெற்றவர் தலையில் விழுகிறது. கட்டில், மெத்தை, அலமாரி, நிலைக்கண்ணாடி மேசை என்று பட்டியல் நீளும். திருமணத்தையொட்டி உறவுப் பெண்கள் அறையைப் பார்க்க வருவர். பார்ப்பதோடு நிற்பாரா? எந்தக் கடை, என்ன விலை என்பதும் அன்று மாலைக்குள் தெருவெங்கும் பரவிவிடும்.

நானும் என் மனைவியும் அறைக்கலன் விற்கும் பெரிய கடையொன்றுக்குப் போனோம். ‘பெட்ரூம் செட்’ என்று கூறி, கண்ணைப் பறிக்கும் பளபளப்போடு ஒன்றைக் காட்டினார்கள். விலை 2,60,000 ரூபாய். ஆசிரியத் தொழிலில் சேர்த்த பணம் திருமண விருந்துக்கும் ஆடைக்குமே போதுமானதாயிருந்தது. ‘என் வளையல் நாலையும் அடகு வைப்போம்’ என்று என் மனைவி கடை வாசலிலேயே தாழ்ந்த குரலில் சொன்னார். மூத்த இரண்டு பெண்களுக்கும் செய்ததை இளையவளுக்குச் செய்யாமல் விடுவதெப்படி என்பது அவர் கவலை. தாய்மனம் அது, குறை சொல்ல ஏதுமில்லை.

அன்றிரவு உணவுக்குப் பின் மகள் வந்து அருகில் அமர்ந்தாள். ‘வாப்பா, அந்தக் கட்டில் வேண்டாம். மச்சில் கிடக்கும் உம்மம்மாவின் கட்டில் போதும். கற்பூரப் பெட்டியும் அலமாரியும் அங்கேதான் இருக்கின்றன’ என்றாள். பிறகு தன் கைப்பேசியில் சில படங்களைக் காட்டினாள். ஆங்கிலேயரின் கிராமத்துக் குடில்களில் உள்ள படுக்கையறைகள் அவை. வெள்ளையடித்த சுவர், தாழ்ந்த கூரை, சிறு சன்னல், பழைய மரக்கட்டில், பூப்போட்ட விரிப்பு, கட்டிலருகே தேய்ந்துபோன ஒரு முக்காலி. ‘காட்டேஜ் பாணி’ என்று அதற்குப் பெயராம். ‘இந்த அறையில் நுழைந்தாலே மனம் அடங்குகிறது வாப்பா’ என்றாள்.

அடங்குகிறது என்ற சொல் என் செவியில் விழுந்தது. ‘ஸகன’ என்பதன் நேர்ப்பொருளை, சர்ஃபு படிக்காத பெண் தன் வாயால் சொல்லிவிட்டாள்.

என் மனைவிக்கு இது பிடிக்கவில்லை. ‘ஊரார் என்ன சொல்வார்கள்? கடைசிப் பெண்ணுக்குப் பழைய கட்டிலைத் தட்டிப் போட்டுவிட்டார்கள் என்று சொல்ல மாட்டார்களா?’ என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஏழ்மையினால் பழையதைப் போடுவது வேறு. விரும்பிப் போடுவது வேறு. பார்க்க வருகிறவர்களுக்கு இவ்விரண்டின் வேற்றுமை எப்படித் தெரியும்? ஆகவே அந்தக் குடில் பாணி என்பது எங்கிருந்து வந்தது, அதன் உயிர்நாடி எது என்று தேடிப் படிக்கலானேன். படித்ததைக் கீழே சுருக்கித் தருகிறேன்.

அந்தக் குடில்கள் முதலில் இங்கிலாந்தின் பண்ணைத் தொழிலாளர்களுக்கும் சிறு குடியானவர்களுக்கும் உரியவை. தடித்த சுவர்களுக்கு ஆண்டுதோறும் சுண்ணாம்பு அடிப்பார்கள். கூரைச் சரிவின் கீழே ஓர் அறை அல்லது இரண்டறைகளில் குடும்பம் முழுவதும் துயில வேண்டும். கிழிந்த ஆடைகளின் துண்டுகளைச் சேர்த்துப் போர்வை தைத்தார்கள். உதவாத கந்தலைக் கோணியில் கோத்துத் தரைவிரிப்பு ஆக்கினார்கள். தேக்கோ ஓக்கோ வாங்க இயலாதவர்கள் மலிவான பைன் பலகையில் பெட்டி செய்து, அதன் எளிமையை மறைக்க வண்ணம் பூசினார்கள். ஓர் அறையிலிருந்த பொருள்களில் எதுவும் எதற்கும் இணையாகச் செய்யப்பட்டதன்று. பாட்டனிடமிருந்து ஒன்று வந்தது. ஏலத்தில் ஒன்று கிடைத்தது. ஒன்றை வீட்டுக்காரனே செய்தான். குளிரும் ஈரமும் நெருக்கடியும் மிகுந்த வாழ்க்கை அது. படத்தில் நாம் காணும் இனிமை அங்கு வாழ்ந்தவர்களுக்கு எப்போதும் வாய்த்ததென்று எண்ணிவிடலாகாது. சுருங்கச் சொன்னால், அது மிஸ்கீனின் அறை.

ஏழையின் அறை செல்வரின் விருப்பமானது எப்படி? இயந்திரத் தொழில் பெருகி, ஆலைகளில் ஒரே அச்சில் செய்த அறைக்கலன்கள் வீடுகளை நிறைத்த 19ஆம் நூற்றாண்டில், வில்லியம் மோரிஸ் (1834–1896) என்ற அறிஞர் அதைக் கண்டு மனம் வெதும்பினார். கவிஞராகவும் கைவினைஞராகவும் விளங்கிய அவர், தமக்கென 1859–60இல் கட்டிய ‘செவ்வில்லம்’ என்னும் மனைக்கு ஏற்ற பொருள்கள் கடைகளில் கிடைக்காமையால், நண்பர்களோடு சேர்ந்து தாமே செய்துகொண்டார். 1861இல் அதுவே ஒரு தொழில் நிறுவனமாயிற்று. 1871இல் கெல்ம்ஸ்காட் என்ற சிற்றூரில் ஒரு பழைய மனையைக் குத்தகைக்கு எடுத்தார். அங்கிருந்த பழங்கட்டிலுக்கு அவர் ஒரு பாடல் எழுத, 1890களின் தொடக்கத்தில் அவர் மகள் மே மோரிஸ் அப்பாடலைக் கட்டில் திரையில் பூத்தையலாகத் தைக்கச் செய்தார். தந்தையின் சொல்லும் மகளின் கைவேலையும் ஒரு பழங்கட்டிலில் ஒன்றுசேர்ந்தன. இதைப் படித்தபோது எதிரே அமர்ந்திருந்த என் மகளை நான் நிமிர்ந்து பார்த்தேன்.

மற்றொருவர், குழந்தைகளுக்கு முயற்குட்டிக் கதைகள் எழுதிப் புகழ்பெற்ற பியாட்ரிக்ஸ் பாட்டர் அம்மையார். தம் நூல்களால் வந்த வருவாயின் துணையோடு 1905இல் ஏரி நாட்டில் ‘ஹில் டாப்’ என்ற சிறு பண்ணை வீட்டை வாங்கினார். அக்கம்பக்கத்துப் பண்ணைகளில் பொருள்கள் ஏலத்துக்கு வந்தபோதெல்லாம் போய்ப் பழைய ஓக் மரக் கலன்களைத் தேடி வாங்கி அதை நிரப்பினார். 1943இல் அவர் மறைந்தபோது, பொருள்கள் இருந்தபடியே இருக்க வேண்டுமென்ற விருப்பத்தோடு அவ்வீட்டை ‘நேஷனல் டிரஸ்ட்’ என்னும் அறநிலையத்துக்கு விட்டுச் சென்றார். இன்றும் மக்கள் அங்குச் சென்று பார்த்து வருகிறார்கள்.

இவ்விருவர் செயலிலும் ஓர் ஒற்றுமையைக் காண்கிறோம். பழையது என்பதற்காக அவர்கள் எதையும் போற்றவில்லை. கையால் ஒழுங்காகச் செய்யப்பட்டது, மனிதர் பயன்படுத்தியது, இன்னும் பயன்படக்கூடியது என்பதற்காகப் போற்றினார்கள். ஆயினும் காலம் ஒரு விளையாட்டை ஆடிவிட்டது. தம் தொழிற்கூடத்துப் பொருள்கள் பெரும்பாலும் செல்வர் வீடுகளுக்கே செல்வதைக் கண்டு மோரிஸே வருந்தினார். இன்றோ, புதுப் பலகையைச் சுரண்டித் தேய்த்துப் பழையதுபோல் ஆக்கிப் புதியதைக் காட்டிலும் கூடுதல் விலைக்கு விற்கும் கடைகளும் வந்துவிட்டன. உள்ள பழையதை எடைக்குப் போட்டுவிட்டு, இல்லாத பழையதை விலைக்கு வாங்கும் காலம் இது.

இனி, அந்தப் படங்களில் கட்டில்தோறும் விரித்திருந்த பூப்போட்ட துணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆங்கிலேயர் அதைச் ‘சின்ட்ஸ்’ என்பர். நம் முன்னோர் சீட்டித்துணி என்றார்களே, அதே சொல்தான். சோழமண்டலக் கரையின் மணலில் விளைந்த சாயவேரைக் கொண்டு சிவப்பேற்றி, எழுதியும் அச்சிட்டும் பூவேலை செய்த பருத்தித் துணிகளை 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் கப்பல்கள் பொதிபொதியாக ஏற்றிச் சென்றன. எத்தனை முறை வெளுத்தாலும் நிறம் மங்காத அத்துணியைக் கண்டு அந்நாட்டு மக்கள் மயங்கினார்கள். கட்டிலுக்கென்றே செய்த பெரிய விரிப்பை அவர்கள் ‘பாலம்போர்’ என்று அழைத்தார்கள். பலங்க் என்றால் கட்டில், போஷ் என்றால் மூடுவது. பாரசீகம் கலந்த நம் நாட்டுப் பேச்சின் ‘பலங்க்போஷ்’ அவர்கள் நாவில் அப்படித் திரிந்தது.

தங்கள் நெசவாளர் பிழைப்புக் கெடுகிறதென்று பிரான்சு 1686இல் இத்துணிகளுக்குத் தடை விதித்தது. இங்கிலாந்து 1721இல் அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்துவதையும் வீட்டில் பயன்படுத்துவதையும் சட்டத்தால் தடுத்தது. 1774இல் தம் நாட்டிலேயே நெய்து அச்சிட்ட துணிக்கு மட்டும் தடையை நீக்கிக்கொண்டார்கள். அதையொட்டிய ஆண்டுகளில், டேவிட் காரிக் என்ற புகழ்பெற்ற நாடக நடிகரின் கட்டிலுக்காக மசூலிப்பட்டினத்தில் செய்த சீட்டித் திரைகள் இலண்டனை அடைந்தபோது சுங்கத்தார் அவற்றைப் பறிமுதல் செய்தார்கள். அக்கட்டிலும் திரைகளும் இப்போது இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆங்கிலக் குடிலின் அடையாளம் என்று நாம் இன்று வியந்து பார்க்கும் அந்தப் பூத்துணி, நம் கடற்கரையிலிருந்து போனதே.

சொற்களும் அவ்வாறே பயணம் செய்திருக்கின்றன. மெத்தையைக் குறிக்கும் ‘மாட்ரஸ்’ என்பது அரபியின் ‘மத்ரஹ்’. கீழே விரித்துப் போடப்படுவது என்று பொருள். சிறு கட்டிலைக் குறிக்கும் ‘காட்’ என்பது இந்தியின் ‘காட்’ என்பதிலிருந்து சென்றது. அதன் மூலமும் நம் ‘கட்டில்’ என்பதும் உறவுச் சொற்கள் என்று மொழியறிஞர் சிலர் கருதுவர். செல்வச் செழிப்பின் சின்னமாக இன்று வரவேற்பறைகளில் வீற்றிருக்கும் ‘சோபா’வின் கதை இன்னும் சுவையானது. அது அரபியின் ‘ஸுஃப்பா’. மதீனாப் பள்ளிவாசலின் ஒருபுறம் இருந்த ஸுஃப்பா என்னும் கூரையிட்ட பகுதியில்தான் வீடும் உடைமையும் அற்ற ஏழை நபித்தோழர்கள் தங்கிக் கல்வி கற்றார்கள். ஏழைகளின் இருக்கைப் பெயர் மாளிகை ஏறியதுபோலவே, ஏழைகளின் குடிலறையும் மாளிகை ஏறியது. திரும்பவும் என் கரும்பலகைக்கே வந்து சேர்ந்தேன்: மஸ்கன், ஸகீனா, மிஸ்கீன்.

இவற்றையெல்லாம் என் மனைவியிடம் எடுத்துரைத்தேன். அவர் பொறுமையோடு கேட்டுவிட்டு, ‘கட்டிலை இறக்கிப் பார்ப்போம், நன்றாயிருந்தால் பேசுவோம்’ என்றார். அறிவுடையோர் தீர்ப்பு அதுவே.

மச்சிலிருந்து கட்டிலை இறக்க நான்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள். பர்மாத் தேக்கு. என் மனைவியின் பாட்டனார் இரங்கூனில் துணிக்கடை வைத்திருந்தவர். 1930களில் தம் திருமணத்துக்காகக் கப்பலில் அனுப்பிய கட்டில் இது. 1942இல் சப்பானியர் படை இரங்கூனைப் பிடித்தபோது கடையும் சரக்கும் போயின. குடும்பத்துக்குப் பர்மாவின் நினைவாக எஞ்சியது இக்கட்டில் ஒன்றே. தலைமாட்டுப் பலகையில் கொடியும் பூவும் செதுக்கியிருக்கிறார்கள். துளையில் முளையைச் செருகிப் பொருத்திய மூட்டுகள் ஆதலால், ஆப்பைத் தட்டினால் கட்டில் முழுவதும் பகுதி பகுதியாகக் கழன்றுவிடுகிறது. எண்ணெய்ப் பசை மிகுந்த தேக்கைக் கறையான் எளிதில் அண்டாது என்பதை எண்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் புண்படாத அதன் கால்கள் மெய்ப்பித்தன. மரத்தூளைப் பசையிட்டு அழுத்திய பலகைகள் எங்கள் ஊர் உப்புக்காற்றின் ஈரத்தில் சில ஆண்டுகளிலேயே ஊதிப் பெருத்துவிடுவதை மூத்த மகளின் அலமாரியில் கண்ணாரக் கண்டவர்கள் நாங்கள்.

பழையதெல்லாம் நல்லதென்று சொல்ல வரவில்லை. உடன் இறக்கிய மாமரப் பெட்டி ஒன்றில் சிறு துளைகள் இருந்தன. தட்டியபோது புதுத்தூள் உதிர்ந்தது. உள்ளே வண்டு உயிரோடிருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். அதை வீட்டுக்குள் சேர்க்கவேயில்லை. மூட்டைப்பூச்சி ஒளியுமிடம் மூட்டு இடுக்குகளாதலால் கட்டிலை முழுவதும் பிரித்து மூன்று நாள் வெயிலில் காயவைத்தோம். பழங்கலன் வாங்க எண்ணுவோர், மேற்பூச்சைப் பார்ப்பதற்கு முன் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். மூட்டுகளை ஆட்டிப் பார்க்க வேண்டும். தூக்கிக் கனத்தை அறிய வேண்டும்.

தச்சு வேலைக்கு வந்தவர் வயது முதிர்ந்த ஆசாரி. உப்புத்தாள் கொண்டு தேய்த்துப் பழைய அழுக்கை நீக்கி, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைத் துணிப்பொட்டலத்தால் தொட்டுத் தொட்டு ஐந்து நாள் பூசினார். அலமாரி முறை வந்தபோதுதான் ஒரு வழக்கு எழுந்தது. படங்களில் கண்டபடி அதற்கு வெள்ளை வண்ணம் பூசி விளிம்புகளைச் சுரண்டிவிட வேண்டும் என்றாள் மகள். ஆசாரி கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டார். ‘தேக்குக்குப் பெயிண்டு அடிக்கச் சொன்னா என் கை வராது ஆலிம்சா. வேணும்னா வேற ஆளைப் பாருங்க’ என்றார். தம் தொழிலின் மானத்தைக் காக்க நின்ற அம்முதியவர் முன் நான் என்ன சொல்ல? அந்நாட்டு ஏழைகள் மலிவுப் பலகைக்குத்தான் வண்ணம் பூசினார்கள், நல்ல மரத்தை மூடவில்லை என்று படித்ததை மகளுக்கு எடுத்துச் சொன்னேன். சிறிது நேரம் பேசாதிருந்தவள், சமையலறையில் கிடந்த வேப்பமர முக்காலியைக் கொண்டுவந்து வைத்து, ‘இதற்காவது வெள்ளை அடிப்பீர்களா?’ என்றாள். ஆசாரி சிரித்துக்கொண்டே தூரிகையை எடுத்தார்.

எங்களிடம் இல்லாதது நிலைக்கண்ணாடி மேசை மட்டுமே. அதற்காகக் காரைக்குடிக்குப் போய், முனீஸ்வரன் கோயில் தெருவிலுள்ள பழம்பொருள் கடைகளில் ஒருநாள் முழுவதும் திரிந்தோம். செட்டிநாட்டு மனைகளிலிருந்து வந்த தூண்களும் கதவுகளும் பீங்கான் பாத்திரங்களும் குவிந்துகிடந்தன. எத்தனை தாய்மார்கள் துடைத்துப் பேணிய பொருள்களோ! சிறிய மேசை ஒன்றை 9,500 ரூபாய்க்கு வாங்கினோம். அதன் இழுப்பறையின் அடியில் யாரோ ஒரு குழந்தை கரித்துண்டால் எழுதிய ‘அ, ஆ’ இருந்தது. மகள் அதை அழிக்க வேண்டாமென்று ஆசாரியிடம் கேட்டுக்கொண்டாள்.

குளிர்நாட்டுக் கனத்த போர்வைகளும் கம்பள விரிப்பும் எங்கள் வெக்கைக்கு ஆகா. அவற்றை விட்டுவிட்டோம். அறைச் சுவர் பழைய சுண்ணச் சாந்தினால் ஆனது. அதற்குச் சுண்ணாம்பே இரண்டு முறை அடித்தோம். மசூலிப்பட்டினத்து அச்சுக் கலம்காரி விரிப்பு ஒன்றும், அதே துணியில் சன்னல் திரையும் 3,200 ரூபாய். கட்டிலருகே கால் வைக்கப் பத்தமடைக் கோரைப்பாய், 2,800. நம் சமுதாயப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக நெய்துவரும் பாய் அது. ஆசாரியின் கூலியும் பொருளும் 14,000. ஆக மொத்தம் 29,500 ரூபாய். வளையல்கள் என் மனைவியின் கையிலேயே இருந்தன.

மெத்தைக் கணக்கு இதில் இல்லை, காரணம் உண்டு. கடை மெத்தை எதுவும் அந்தப் பழங்கட்டிலின் அளவுக்குப் பொருந்தவில்லை. அளவெடுத்து இலவம்பஞ்சு மெத்தை தைக்க வேண்டியிருந்தது. செய்தி எப்படியோ மணமகன் செவிக்கு எட்டியது. அவர் என்னைக் கண்டு, ‘மாமா, அறையெல்லாம் உங்கள் பொறுப்பாக இருந்தால் நான் எதற்கு? மெத்தை என்னுடையதாக இருக்கட்டும்’ என்றார். அலீ (ரலி) அவர்கள் தம் கவசத்தையே மஹராகக் கொடுத்து மணந்ததும், அண்ணலாரின் அருமை மகளார் ஃபாத்திமா (ரலி) அவர்களுக்கு அமைந்த வீட்டுப் பொருள்கள் ஒரு கம்பளியும் ஒரு தோல் நீர்ப்பையும் புல் அடைத்த ஒரு தோல் தலையணையும் என்று அறிவிக்கப்படுவதும் நாம் மேடைதோறும் கேட்பவைதாம். கொடுக்கும் கை மணமகனுடையது என்ற அந்த ஒழுங்கை, ஓர் இளைஞர் நாணத்தோடு என் வீட்டு முற்றத்தில் நின்று சொல்லக் கேட்டபோது, என் உள்ளம் நிறைந்தது.

அறை பார்க்கும் நாளும் வந்தது. வந்த பெண்களில் ஒருவர் கட்டிலைத் தொட்டுப் பார்த்து, ‘பழைய கட்டிலா போட்டிருக்கீங்க?’ என்று கேட்டாராம். முதலில் தடுத்துப் பேசிய என் மனைவியே, ‘என் உம்மம்மாவின் கட்டில். என் உம்மா பிறந்ததும் இதில்தான்’ என்று நிமிர்ந்து விடை சொன்னாராம். அதன்பின் அறையில் விலைப் பேச்சு எழவில்லை. பாட்டிமாரின் பேச்சு எழுந்தது. மணமகனின் உம்மா கற்பூரப் பெட்டியின் மூடியைத் திறந்து, குனிந்து அதன் மணத்தை முகர்ந்தபடி நெடுநேரம் நின்றார்களாம். ‘எங்க வீட்டிலும் ஒண்ணு இருந்துச்சு. இரும்பு பீரோ வந்ததும் வித்துட்டோம்’ என்று சொன்னபோது அவர்கள் கண் கலங்கியதை என் மகள் பிறகு என்னிடம் கூறினாள்.

வாசகப் பெருமக்களே! எல்லார் மச்சிலும் பர்மாத் தேக்குக் கட்டில் இராது என்பதை அறிவேன். இல்லாதவர்கள் காரைக்குடிக்கு ஓட வேண்டியதுமில்லை. உள்ளூர் ஆசாரி செய்யும் எளிய வேப்பமரக் கட்டிலும், வெள்ளையடித்த சுவரும், துவைத்து விரித்த ஒரு சீட்டித்துணியும் போதும். அந்த அறையும் மனத்தை அடங்கச் செய்யும். ஒருவேளை உங்கள் பேரப்பிள்ளைகள் அக்கட்டிலைப் பழங்கட்டில் என்று பெருமையோடு இறக்கித் துடைப்பார்கள். கடன்பட்டு வாங்கிய கட்டிலில் படுத்திருப்பவனுக்குத் தவணை நாள் நினைவில் இருக்கும். ஸகீனா எங்கிருந்து வரும்?

நம் ஊர்களில் திருமணப் பேச்சின்போது ஆண்கள் கூடத்தில் அமர்ந்து மஹரைப் பேசுகிறோம். உள்ளே பெண்கள் அமர்ந்து அறைப் பொருள்களைப் பேசுகிறார்கள். கூடத்தில் பேசுவது சில நூறு அல்லது சில ஆயிரம். உள்ளே பேசுவது இலட்சங்கள். அந்த உள்பேச்சில் சொல்லும் மதிப்பும் உடையவர்கள் மூத்த தாய்மார்கள். ‘பெட்ரூம் செட்’ என்ற ஒரு வரியை அவர்கள் எடுத்துவிட்டால் போதும். பெண்ணைப் பெற்ற எத்தனையோ வாப்பாமார்கள் அன்றிரவு நிம்மதியாக உறங்குவார்கள். அடுத்த முறை பேச்சுக்குப் போகும்போது, அன்புகூர்ந்து அந்த வரியை நீங்களே முதலில் எடுத்துவிடுங்கள்.